புளி போட்டுத் தேய்த்த காப்பு

கலும்பாங்
8.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

திலகம் எழுதுகிறேன். உறையின் மேல் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தீர்கள் என்றால் அதுவே எனக்கு நல்ல சேதி. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜீவனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே எங்களுக்குக் குறையில்லை.

இருபத்தைந்து வருடமாக நீங்கள் என்னோடு பேசவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. என் வீட்டுக்காரர் தவறிப்போன அன்று வந்தீர்கள். பூ போட்டீர்கள், என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றீர்கள், ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டீர்கள். போனில் முடியாததைத் தாளில் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இதோடு ஒரு செப்புக் காப்பு வருகிறது. நம் மாதவியின் மகள், என் பேத்தி தனுஜா ராவாங்கில் பேக்டரி வேலை பார்க்கிறாள். லீவு நாளில் வீட்டிலேயே செம்பைத் தட்டிக் காப்பு, தோடு, மோதிரம் என்று செய்து போனில் படம் போட்டு விற்கிறாள். இந்தக் காப்பு விற்பதற்குச் செய்ததில்லை. உங்கள் கைக்கென்றே செய்தது. வெயிலில் திருப்பிப் பாருங்கள், ஊதாவும் ஆரஞ்சும் மாறி மாறித் தெரியும்.

தனுஜா முழுகாமல் இருக்கிறாள். மூன்றாம் மாதம்.

எழுத்துக் கோணலாக இருக்கும். கண்ணாடி மாற்ற வேண்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
திலகம்

•

குவாலா சிலாங்கூர்
21.9.2024

திலகத்துக்கு அமராவதி எழுதுவது.

இருக்கிறேன். முழங்கால் இரண்டும் வலிக்கின்றன, ஆனால் அவை உன்னை விசாரிக்கவில்லை. ஜீவன் வீட்டில் எல்லாரும் சுகம். நீயும் உன் மக்களும் நன்றாக இருந்தால் சரி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 1999 நவம்பர் பதினாலாம் தேதி கலும்பாங் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அமராவதி இறங்கி வந்துவிட்டாள் என்று நீ ஊரில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம்.

நீ மறந்திருப்பாய். எழுதுகிறேன், படி. ஞாயிற்றுக்கிழமை. மாதவிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. அப்போது வயிற்றில் இருந்தது இந்தத் தனுஜாதான். என் வீட்டுக்காரர் போய் நாலு மாதம். நான் வரவில்லை என்றேன். "நீங்க வரலன்னா எனக்கு வேற யாருக்கா இருக்கா" என்று போனில் அழுதது நீ. வளையல் தட்டை என் கையில் கொடுத்ததும் நீ. ஆறு டஜன் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். உன் மாமியார் நாற்காலியை விட்டு எழாமலே, "அமராவதி, நீ கொஞ்சம் அந்தப் பக்கமா உக்காரும்மா, நல்ல காரியம் நடக்குது" என்றார். நீ என்ன செய்தாய்? என் முகத்தைப் பார்க்காமல் தட்டை வாங்கிக்கொண்டாய். உன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அரிசி மூட்டையும் மடக்கு நாற்காலியும் அடுக்கிக் கிடந்த பக்கம். சாப்பிடாமல் இறங்கினேன். உன் வீட்டு எலுமிச்சைச் சோற்று வாசம் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தது.

உன் காப்பு வந்தது. மூன்று நாள் போட்டேன். மணிக்கட்டைச் சுற்றிப் பச்சையாக வட்டம் விழுந்தது. வியாழக்கிழமை பூசைச் செம்பு தேய்க்கும்போது அதையும் போட்டு, புளியும் உப்பும் வைத்து நன்றாகத் தேய்த்தேன். உன் ஊதாவும் ஆரஞ்சும் குழாய்த் தண்ணீரோடு போய்விட்டன. இப்போது புதுச் செப்புக் காசு மாதிரிப் பளீரென்று இருக்கிறது. சாயம் பூசின காப்பா அனுப்பினாய்? அக்காவுக்கு இது போதும் என்று நினைத்தாயா?

கண்ணாடியைச் சீக்கிரம் மாற்று. உன் எழுத்தைப் படிக்க எனக்குக் கண் வலிக்கிறது.

அமராவதி

•

கலும்பாங்
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போட்டீர்களே, அந்தச் சந்தோஷத்தோடு எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்கிறீர்கள் என்று படித்ததும் நிம்மதி. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அரிசி மூட்டை எனக்கு ஞாபகமில்லை. மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

காப்பில் இருந்தது சாயம் இல்லை அக்கா, நெருப்பு. தடித்த செப்புக் கம்பியைக் கேஸ் சுடரில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போட்டால் சொன்னபடி வளையும். இரும்புக் கட்டைமேல் வைத்துத் தட்டத் தட்ட மறுபடி விறைத்துக்கொள்ளும். மறுபடி நெருப்பு, மறுபடி தட்டல். முனைகளை அரத்தால் ராவி மழுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சுடரைத் தள்ளிப் பிடித்து மெல்ல ஓட்டினால் முதலில் ஆரஞ்சு எழும், பிறகு சிவப்பு, பிறகு ஊதா. ஒரு மூச்சு கூடிப்போனால் கறுத்துவிடும். நிறம் நின்றதும் தேன்மெழுகு தடவி மூட வேண்டும். அந்த நிறம் ஒரு மெல்லிய தோல்தான். புளி பட்டால் கழன்றுவிடும்.

தப்பு உங்களுடையது இல்லை. நம் வீட்டில் செம்பைக் கண்டால் கை தானாகப் புளிக்குப் போகும்.

இனிமேல் குளிக்கும்போது கழற்றி வையுங்கள். வேர்த்தால் மெல்லிய துணியால் துடையுங்கள். கையில் விழுகிற பச்சை வெறும் களிம்பு, சோப்புப் போட்டால் போய்விடும், பயப்பட வேண்டாம். போடும்போது மட்டும் இரண்டு முனையையும் பிடித்து இழுக்காதீர்கள். தட்டின செம்பு விறைப்பானது, இழுத்து இழுத்து விரித்தால் ஒரு நாள் முறிந்துவிடும். மணிக்கட்டின் மெலிந்த பக்கமாகப் பார்த்து, பக்கவாட்டில் நுழைத்துத் திருப்ப வேண்டும். இதெல்லாம் பெட்டிக்குள் இருந்த சீட்டிலும் இருக்கிறது.

வேண்டுமானால் திருப்பி அனுப்புங்கள், நிறம் ஏற்றித் தரலாம். போன தடவை அந்த ஊதா நிற்பதற்கு மட்டும் நாலு நாள் ஆயிற்று. அதனால் என்ன.

உங்களுக்கு முன்கூட்டியே தீபாவளி வாழ்த்து.

தங்கை
திலகம்

•

குவாலா சிலாங்கூர்
19.10.2024

திலகத்துக்கு,

எல்லாரும் இருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டது, முழங்கால் அதைவிட. உன் வீட்டில் கூரை ஒழுகாமல் இருக்கிறதா?

சீட்டு இருக்கிறது என்றாய். எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூணாங் கிளாஸ் என்பது உனக்குத் தெரியாதா? எதிர் வீட்டுப் பூரணம் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் யாழ்ப்பாணக் குடும்பம், படித்தவர், கையில் நாலு தங்க வளையல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "புளி, உப்பு, எலுமிச்சை ஒண்டும் போடக் கூடாது எண்டு பெரிசா எழுதிக் கிடக்கு அக்கா, நீங்கள் வாசிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"நா படிக்கணும்னா தமிழ்ல எழுதியிருக்கணும் டீச்சர். செம்புக்கா இங்கிலீஷ் தெரியும்?"

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு என் காப்பை வாங்கி அந்தத் தங்கக் கையில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் தடவிக்கொண்டிருந்தார். "கடைச் சாமான் எல்லாம் அச்சில வார்த்த மாதிரி ஒரே சீர். இதில ஒரு ஆள் இருக்குது" என்றார். கேட்டுத்தான் திரும்ப வாங்கினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரி கக் சைனாப்பும் மார்க்கெட்டில் என் கையைப் பிடித்து, "சந்திக் லா அமரா, சந்திக்" என்று அழகு பார்த்துக்கொண்டு நிற்கிறாள், மீன்காரன் கத்துகிறான்.

போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கழற்றினால் கை வெறிச்சென்று இருக்கிறது. உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிறது. பளபளப்புப் போய்த் தேத்தண்ணி நிறம் ஏறிக்கொண்டிருக்கிறது. நிறம் ஏற்ற வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.

ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். அடி சமமாக இல்லை. ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் கோழி கொத்தின மாதிரி. கையில் பலமில்லை என்றால் மைலோ குடிக்கச் சொல் உன் பேத்தியை. பிள்ளைத்தாச்சி வேறு.

கோபம் அப்படியே இருக்கிறது. கணக்கில் குறைத்துவிடாதே.

அமராவதி

•

கலும்பாங்
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி நல்லபடி நடந்ததா? ஜீவன் பிள்ளைகளுக்கு முறுக்குச் சுட்டீர்களா? இங்கே இந்த வருடம் எல்லாம் கடை முறுக்குத்தான். கூரை ஒழுகவில்லை.

பூரணம் டீச்சர் சொன்னதைத் தனுஜாவிடம் படித்துக் காட்டினேன். நீங்கள் சொன்ன குறையையும் படித்துக் காட்டினேன். "பெரிய பாட்டி செம்ம ஆளு அம்மாச்சி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தனுஜாவுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம். தை மாதம், ஜனவரி 26, ஞாயிறு. இதே கலும்பாங் வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் ராவாங்கிலிருந்து வருவார்கள்.

முதல் காப்பு நீங்கள்தான் போட வேண்டும் அக்கா. கண்ணாடி வளையலுக்கு முன்னால் ஒரு செப்புக் காப்பு. அது ஆகிக்கொண்டிருக்கிறது. மாதவியைக் கேட்டேன், சரி என்றாள். தனுஜாவைக் கேட்டேன், "வேற யாரு போடுவா?" என்றாள். இப்போது கேட்க வேண்டியது உங்களைத்தான்.

அன்றைக்குத் தட்டை வாங்கியது நான். மாமியார் சொன்னார், நான் வாங்கினேன். மாமியார் இன்று இல்லை. அவர்மேல் போட்டுவிட்டு நான் நகர முடியாது.

வருவீர்களா?

தங்கை
திலகம்

•

குவாலா சிலாங்கூர்
1.12.2024

திலகத்துக்கு,

சுகம். உன் சுகம் கேட்டதாக வைத்துக்கொள்.

வரமாட்டேன்.

ஏன் என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் இருபத்து மூன்று வருடம் உனக்கு இந்தத் தட்டு ஞாபகம் வந்ததா? அவர் போய், உன் நெற்றியும் என் நெற்றி மாதிரி ஆன பிறகுதான் வந்தது. நாளைக்கு யாராவது உன்னை அந்தப் பக்கமாக உட்காரச் சொல்வார்கள் என்று பயம். அதற்குத் துணைக்கு ஆள் தேடுகிறாய். அரிசி மூட்டைப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீயும் உட்கார்ந்து பார்.

தனுஜாவுக்கு என் ஆசீர்வாதம். அதற்கு நான் நேரில் வர வேண்டியதில்லை.

அமராவதி

•

குவாலா சிலாங்கூர்
29.12.2024

திலகத்துக்கு,

உன்னிடமிருந்து நாலு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரை வழியில் மறித்துக் கேட்டேன். "பாட்டி, வந்தா நானே கேட்டுக்கு உள்ள கொண்டாந்து தரேன், ரோட்ல நிக்காதீங்க" என்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது? இதைச் சும்மா கேட்கவில்லை. மேலே படி.

எனக்கு வேலை இல்லாததால் காப்பைக் கழற்றி ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள் நான். தோட்டத்தில் பாலன் என்று ஓர் இடதுகைக்காரன் இருந்தான். அவன் வெட்டின பட்டையை, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். கத்தி அழுந்துகிற பக்கம் மாறி இருக்கும். எனக்கும் அந்தக் கண் உண்டு. இந்தக் காப்பில் சுத்தியல் அழுந்தியிருக்கிற பக்கம் இடதுகைக்காரன் பக்கம். அதிலும் பாலன் பிறவியிலேயே இடதுகை, அவன் வெட்டு ஒரு சீராக இருக்கும். இது அப்படி இல்லை. வலது கையில் பழகின ஒருத்தி, வேறு வழியில்லாமல் இடது கையால் தட்டினது இது.

தனுஜா இல்லை. உன் வீட்டுக்காரர் சாவு வீட்டில் அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி வலது கையில் இருந்தது. நான் பார்த்தேன்.

பிறகு உன் கடிதங்களை எடுத்து வைத்தேன். சின்ன வயதில் உன் எழுத்து வலது பக்கம் சாயும், வாத்தியார் ஸ்கேலால் அடிப்பார். இப்போது எல்லா எழுத்தும் இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடி மாற்றினால் எழுத்துச் சாயுமா? தீபாவளிக்குக் கடை முறுக்கு என்று எழுதினாய். நீ என்றைக்குக் கடை முறுக்கு வாங்கினாய்?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீ எந்தக் கையால் எழுதுகிறாய்?

அமராவதி

•

கலும்பாங்
8.1.2025

அக்கா,

இடது கையால்.

போன பங்குனியில் ஒரு நாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு கீழே விழுந்தது. எடுக்கலாம் என்று கையை நீட்டினேன், கை வரவில்லை. மாதவியைக் கூப்பிட்டேன், வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது. ஸ்ட்ரோக் என்றார்கள். கால் வந்துவிட்டது, வீட்டுக்குள் நடக்கிறேன். பேச்சு முக்கால்வாசி வந்திருக்கிறது. வலது கை மட்டும் வரவில்லை.

பிசியோவில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து வலது கையால் அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். எனக்கு வெறுப்பாக இருந்தது. தனுஜாதான், "பந்த அமுக்கி என்னா கெடைக்கப் போவுது அம்மாச்சி? இத புடிங்க. இதுலயாச்சும் ஒரு காப்பு கெடைக்கும்லா" என்று செப்புக் கம்பியை வலது கையில் பிடிக்க வைத்து, சுத்தியலை இடது கையில் கொடுத்தாள். நெருப்பு வேலை அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். தட்டுவது நான். கம்பி நழுவும், பிடிப்பேன், மறுபடி நழுவும். நீங்கள் போட்டிருப்பது நான் முழுசாக முடித்த முதல் காப்பு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் பாவம் பார்த்து அன்றைக்கே போனை எடுத்திருப்பீர்கள். அன்று அந்தக் கூடத்தில் எனக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தன, வாயும் நன்றாக இருந்தது. இருந்தும் கையால் தட்டை வாங்கினேன், வாயைத் திறக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு இந்தக் கையைக் காட்டி உங்களிடம் ஒன்றும் வாங்கக் கூடாது என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதியதில் பாதி உண்மை. அந்தப் பக்கம் உட்கார எனக்குப் பயம்தான். ஆனால் துணைக்குக் கூப்பிடவில்லை அக்கா. உங்களை அந்தப் பக்கத்திலிருந்து எழுப்பக் கூப்பிட்டேன்.

இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று. அதனால்தான் எப்போதும் தாமதம்.

திலகம்

•

குவாலா சிலாங்கூர்
14.1.2025, பொங்கல்

திலகத்துக்கு,

இங்கே பால் பொங்கிவிட்டது. அங்கே உன் வீட்டிலும் பொங்கியிருக்கும். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உப்பைக் குறைத்தாயா? ஊறுகாய் ஜாடியை மாதவியிடம் கொடுத்துப் பூட்டச் சொல். உன் நாக்கை எனக்குத் தெரியும்.

பாவமா? உன்மேலா? அதெல்லாம் என்னிடம் கிடையாது. கை வரவில்லை என்றால் கையோடுதான் எனக்கு அனுதாபம். உன்னோடு இருக்கிற வழக்கு வேறு, அது அப்படியே இருக்கிறது.

வருகிறேன். ஜீவன் காரில் கூட்டி வருவான். என் பேச்சைக் கேள்.

தட்டு உன் கையில் இருக்க வேண்டும், இடது கையோ எந்தக் கையோ. யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. யாராவது வாயைத் திறந்தால் நான் பதில் சொல்லமாட்டேன். 1999இல் சொல்ல வேண்டியவள் எவளோ அவள்தான் சொல்ல வேண்டும். வாய் கோணினாலும் சரி.

காப்பை இரண்டு பேரும் சேர்ந்து போடுவோம். உன்னிடம் ஒரு கை, என்னிடம் இரண்டு. தனுஜாவின் கைக்கு இது போதும்.

உன்னோடு பேசமாட்டேன். சொன்ன சொல் சொல்தான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜீவனிடம் சொல்வேன், அவன் உன்னிடம் சொல்வான்.

இன்னொன்று. வியாழக்கிழமைகளில் பூசைச் செம்பு தேய்க்கும் முன்பே காப்பைக் கழற்றி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். புளி டப்பாவையும் அடுக்களையின் அடுத்த மூலைக்கு மாற்றிவிட்டேன். நாலு நாள் ஊதா என்று எழுதியிருந்தாயே, அதைத் திரும்பப் படித்தேன்.

அமராவதி

•

கலும்பாங்
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று ஜீவன் சொன்னான். கார் சவாரியில் முழங்கால் வீங்கவில்லையே? தனுஜா நன்றாக இருக்கிறாள். எலுமிச்சைச் சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டீர்களே, அதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இந்தக் கடிதம் ஒரு விஷயத்துக்காக. நீங்கள் பேசிவிட்டீர்கள் அக்கா.

தனுஜாவின் கை அன்று வீங்கியிருந்தது. நான் அளவெடுத்தது இரண்டு மாதத்துக்கு முந்திய கை. நீங்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள், நான் காப்பை வைத்தேன், போகவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், போட்டோக்காரர் "சிரிங்க பாட்டி" என்கிறார். வேறு ஒன்றும் தோன்றாமல் ஒரு முனையைத் தனுஜாவின் விரலில் கொடுத்து, மறு முனையை இடது கையால் பிடித்து இழுத்தேன். அப்போது நீங்கள், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி:

"இழுக்காதடி! முறிஞ்சிரும்! பக்கவாட்டுல நொழைக்கணும்னு நீதான எழுதுன!"

ஜீவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தனுஜா சிரித்த சிரிப்பில் கை தளர்ந்து, மெலிந்த பக்கமாகக் காப்பு தானாக நுழைந்துவிட்டது.

ஆறே வார்த்தைதான். ஆனாலும் எண்ணி வைத்திருக்கிறேன்.

தங்கை
திலகம்

•

குவாலா சிலாங்கூர்
10.2.2025

திலகத்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நாளைக்குத் தைப்பூசம், வீடெல்லாம் கழுவியாயிற்று. செம்பு தேய்த்தாயிற்று. காப்பு அலமாரியில் இருக்கிறது, இதை முடித்துவிட்டுப் போட்டுக்கொள்வேன்.

நான் உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை. காப்பைப் பார்த்துச் சொன்னேன். நல்ல காப்பு, உன் முட்டாள்தனத்தால் முறிந்துவிடக் கூடாது என்று சொன்னேன். அது கணக்கில் சேராது.

ஆனால் நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். நீ எப்போதும் இப்படித்தான், முக்கியமானதை விட்டுவிடுவாய். நான் எழுதுகிறேன்.

காப்புப் போடுவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டு அத்தை, அந்தப் பச்சைப் பட்டுச் சேலை, எழுந்து வந்தார். "தப்பா நெனைக்காதீங்க, மொத காப்ப சுமங்கலிங்க யாராச்சும் போட்டுறட்டுமே" என்று தட்டுக்குக் கையை நீட்டினார். குரல்கூட உன் மாமியார் குரல்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரிசி மூட்டை கிடந்த இடத்தில் இப்போது பிரிட்ஜ் இருக்கிறது.

நீ தட்டை விடவில்லை. இடது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததில் வளையல் எல்லாம் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. உன் வாய் கோணியது, முதல் தடவை சொல் வரவில்லை, இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. "எங்கக்காதான் போடணும்." 'க்கா' குழறி என்னவோ மாதிரி வந்தது. இருந்தாலும் எல்லாருக்கும் புரிந்தது. பச்சைப் பட்டு உட்கார்ந்துவிட்டது.

இருபத்தைந்து வருடமாக உன் குரலை நான் கேட்கவில்லை. இப்படி ஆகிப்போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. காரில் வரும் வழி முழுவதும் அது காதில் இருந்தது.

பூரணம் டீச்சரிடம் கேட்டேன். இந்த மாதிரி வந்தவர்கள் நிறையப் பேசப் பேச நாக்குத் திரும்புமாம். பந்து அமுக்குகிற மாதிரி அதற்கும் தினம் பயிற்சி வேண்டுமாம். உன் வீட்டில் மாதவி பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுகிறாள். நீ யாரோடு பேசுவாய்?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடி. எடுப்பேன். நான் ஒன்றும் பேசமாட்டேன், அது வேறு விஷயம். நீ பேசு, கேட்டுக்கொண்டிருப்பேன்.

அமராவதி